பின் கூம்பில் துளைகள் 1.2 மி.மீ. தள்ளி நிற்கின்றன: பெரிய ட்ரில் போட்டுவிடலாமா?

அம்பத்தூர்_ரிவெட்

வணக்கம். இருவர் அருகருகே உட்காரும், ஆர்வி பாணி முழு அலுமினிய விமான கிட், பாகங்களாக வாங்கி நாமே கட்டுவது. துளைகள் தொழிற்சாலையிலேயே குத்தி வந்தவை. வாலும் இறக்கையும் முடிந்துவிட்டன. இப்போது சீட்டுக்குப் பின்னாலிருந்து வால் வரை போகும் கூம்பு. இன்னும் ஒரு ரிவெட்டும் அடிக்கவில்லை, எல்லாம் கிளிகோவில் (துளையில் மாட்டும் தற்காலிகப் பிடி) நிற்கிறது. பட்டறை அம்பத்தூர் எஸ்டேட் பக்கம். தகரக் கூரை, ஏசி கிடையாது.

சிக்கல் மூன்று.

ஐந்து பல்க்ஹெட்டில் (கூம்புக்குக் குறுக்கே நிற்கும் தகட்டுச் சட்டம்) 3, 4 இரண்டிலும் அடித்தகட்டுத் துளைகள் பொருந்தவில்லை. இரு மூலையிலும் சரியாக இருக்கிறது. நடுவுக்கு வர வர வால் பக்கமாகத் தள்ளிப்போய், மையத்தில் 1.2 மி.மீ. வித்தியாசம். துளை 40-ஆம் நம்பர், அதாவது 2.5 மி.மீ. பாதித் துளை மறைந்துவிடுகிறது. வலது பக்கத் தகடும் அடித்தகடும் சேரும் ஓரத்தில் கதை வேறு: முன்பக்கம் சரி, பின்னால் போகப் போக வித்தியாசம் கூடி, 2.4 மீட்டர் தள்ளிக் கடைசித் துளையில் 0.8 மி.மீ. இடது ஓரம் சுத்தமாகப் பொருந்துகிறது.

அடுத்தது, அடித்தகட்டில் 2-க்கும் 3-க்கும் நடுவே கை வைத்து அழுத்தினால் ‘டொக்’கென்று உள்ளே போய், விட்டால் வெளியே வருகிறது.

மூன்றாவது, மழைக்காலம் முழுக்கப் பெட்டியிலேயே இருந்த இரண்டு தகடுகள். நீல பிளாஸ்டிக் படலத்தை உரித்தால் அடியில் வெள்ளைப் புள்ளிகள், சில இடங்களில் புழு ஊர்ந்த தடம் மாதிரி.

3, 4-இல் மட்டும் 30-ஆம் நம்பர் ட்ரில் விட்டு, அடுத்த சைஸ் ரிவெட் அடித்தால் போதுமா? தகடு 0.8 மி.மீ., பல்க்ஹெட் மடிப்பு 16 மி.மீ. அகலம், துளை மடிப்பின் நடுவில்.

தகட்டுவேலை

போதாது சார், ட்ரில்லைக் கீழே வையுங்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

2.5 மி.மீ. துளையும், அதிலிருந்து 1.2 தள்ளிய இன்னொரு 2.5 துளையும் சேர்ந்தால் 3.7 மி.மீ. நீளத்தில் எட்டு வடிவ ஓட்டை வரும். 30-ஆம் நம்பர் ட்ரில் 3.26 மி.மீ.தான். எட்டின் இரண்டு நுனியும் வெளியே நிற்கும், ரிவெட் அந்தக் காலி இடத்தில் பிதுங்கிச் சாயும். எட்டை முழுங்க வேண்டுமானால் 21-ஆம் நம்பர், அதாவது 4 மி.மீ. துளையும் 5/32 ரிவெட்டும் வேண்டும். துளை மையத்திலிருந்து தகட்டு விளிம்புக்கு ரிவெட் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. 5/32-க்கு அது 7.9 மி.மீ. உங்கள் மடிப்பில் நடுத்துளைக்கு இருப்பதே 8. எட்டை முழுங்கும் புதுத்துளையின் மையம் 0.6 நகரும். மிச்சம் 7.4. விதிக்குக் கீழே போய்விட்டீர்கள், அதுவும் ஒரு வரிசை முழுக்க.

இது துளையின் தவறே இல்லை. துளை குத்திய இயந்திரம் 1.2 மி.மீ. தவறாது. பொருந்தாத துளை எந்த ஒழுங்கில் பொருந்தவில்லை என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். மூலை சரி, நடு தள்ளியிருக்கிறது என்றால் பல்க்ஹெட் வில்லாக வளைந்திருக்கிறது. ஒரு முனையிலிருந்து சீராகக் கூடுகிறது என்றால் நீளம் மாறியிருக்கிறது, அதாவது சூடு. இல்லையென்றால் கூம்பு முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு துளை மட்டும் தவறு என்றால் பிசிறு, இடையில் சிக்கிய படலத் துண்டு, அல்லது இடம் வலம் மாறிய பாகம். உங்களிடம் முதல் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன.

வில் எப்படி வருகிறது? பல்க்ஹெட்டின் ஓரத்தை அச்சில் அழுத்தி மடிக்கும்போது, வளைவான ஓரங்களில் மடிப்பு சுருங்க இடமில்லாமல் உலோகம் மிச்சப்படும். அந்த மிச்சம் நடுத்தகட்டையே வளைக்கும். அதற்குத்தான் ஃப்ளூட்டிங் இடுக்கி, மடிப்பில் சிறு குழிகள் போட்டு அந்த மிச்சத்தைச் சுருக்கிவிடும். 3, 4 இரண்டையும் கழற்றி ஒரு தட்டையான பரப்பில் வையுங்கள். சமையல் மேடைக்கு அறுத்த கிரானைட்டில் மிஞ்சிய துண்டு, இரண்டடி நீளம், பளபள முகம் மேலே. இரும்பு ஸ்கேலை ஓரமாக நிறுத்தி அது தட்டையா என்று பார்த்துவிட்டால், இந்த வேலைக்கு அதை விட மலிவான மேசை கிடைக்காது. பல்க்ஹெட்டின் ஒரு மூலையை அழுத்தினால் எதிர்மூலை எழும்பும், அல்லது நடுவில் வெளிச்சம் தெரியும். அதுதான் உங்கள் 1.2.

இரண்டு துளைகளுக்குச் சரியாக நடுவில் இடுக்கியை வைத்து லேசாக அழுத்துங்கள். மடிப்பு உள்பக்கமாக, அதாவது தகடு உட்காரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் குழிய வேண்டும். எல்லாக் குழிகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சுற்று வந்து கிரானைட்டில் வைத்துப் பாருங்கள். பிறகு இரண்டாம் சுற்று. ஒரே இடத்தில் ஆழமாக அமுக்கினால் பக்கத்துத் துளையின் அடி தட்டையாக இராது, டிம்பிள் (ரிவெட் தலை உட்காரத் துளையைச் சுற்றிப் போடும் குழிவு) கோணும். அதிகமாகிவிட்டால் தட்டை வாய் இடுக்கியால் குழியைக் கொஞ்சம் நிமிர்த்தலாம். எறிந்துவிட வேண்டியதில்லை.

குழி போட்ட பிறகு மடிப்பின் கோணத்தைப் பாருங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். மடிப்பு 90 பாகை இருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு எல்லாவற்றையும் மூலைமட்டத்தில் வைத்து நிமிர்த்துவார்கள். உங்களுடையது கூம்பு. தகடு பின்னால் போகப் போக உள்ளே சாய்கிறது, மடிப்பும் அதே அளவு சாய வேண்டும். எவ்வளவு என்று வரைபடத்தில் இருக்கும். 90-க்கு நிமிர்த்தினால் மடிப்பின் ஒரு விளிம்பு மட்டும் தகட்டைத் தொடும், வெளியே வெயிலில் பார்த்தால் பல்க்ஹெட் இருக்கும் இடமெல்லாம் கோடு கோடாகத் தெரியும்.

‘டொக்’ சத்தத்தைப் பற்றி இப்போதைக்கு எதுவும் முடிவு செய்யாதீர்கள். வளைந்த 3-ஆம் பல்க்ஹெட் அடித்தகட்டை இழுத்துக்கொண்டிருக்கிறது. அது நேரானால் சத்தம் தானாகப் போகவும் வாய்ப்பு உண்டு.

குரோம்பேட்டை_ஏரோ

மேலே சொன்னதில் சூடு பற்றிய பகுதிக்கு எண் சேர்க்கிறேன். அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 0.023 மி.மீ. நீளும். 2.4 மீட்டர் தகட்டில் 0.8 வித்தியாசம் வர இரண்டு தகட்டுக்கும் நடுவே சுமார் 15 டிகிரி இருந்தால் போதும். சென்னைப் பிற்பகலில் ஷட்டரைத் திறந்து வைத்து வெயில் நேராக ஒரு பக்கத் தகட்டில் விழுந்தால் அந்த 15 டிகிரி தாராளமாக வரும். வலது பக்கம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது? காலை ஆறு மணிக்கு, ஷட்டரைத் திறக்கும் முன், அதே கடைசித் துளையை மறுபடி அளந்து சொல்லுங்கள்.

அது சூடுதான் என்று தெரியும் வரை, முறுக்கு இல்லை என்றும் நம்பாதீர்கள். உங்கள் கிட்டில் மேல் லாங்கரான் (கூம்பின் நீளவாக்கில் ஓடும் சட்டம்) துளையில்லாமல் வரும் ஆங்கிள்தானே? தகட்டின் துளை வழியாக அதில் ட்ரில் போடும் நிமிடத்தில்தான் கூம்பின் முறுக்கு நிரந்தரமாகப் பூட்டப்படுகிறது. அதற்கு முன் கூம்பை எப்படி வேண்டுமானாலும் திருப்பி நேராக்கலாம். பிறகு முடியாது. முறுக்கிய கூம்பில் வால் நேராக உட்காராது, பறக்கும்போது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே லாங்கரான் ட்ரில் வேலையை நிறுத்தி வையுங்கள்.

முறுக்கைப் பார்க்கக் கொத்தனார் டியூப் லெவல் போதும். இரண்டு கூம்புத் தாங்கிகளில் வைத்து, முன் பல்க்ஹெட்டில் இடது வலது லாங்கரான்களின் உயரத்தைச் சமப்படுத்துங்கள், அதே அளவைப் பின் பல்க்ஹெட்டில் பாருங்கள். டிஜிட்டல் லெவல் வைத்திருப்பவர்கள் இதை ஏளனமாகப் பார்க்கக் கூடாது. 0.1 பாகை காட்டும் டிஜிட்டல் லெவல் 1.1 மீட்டர் அகலத்தில் 1.9 மி.மீ. வரை கண்ணை மூடிக்கொள்ளும். டியூபில் 1 மி.மீ. பிசகு கண்ணுக்கே தெரியும். இரண்டே கவனம்: டியூபுக்குள் ஒரு குமிழி கூட இருக்கக் கூடாது, டியூபின் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் கிடக்கக் கூடாது. தண்ணீரில் கொஞ்சம் நீலம் கலந்தால் மட்டம் தெளிவாகத் தெரியும்.

நேர்க்கோட்டுக்குத் தூக்குக்குண்டு. ஒவ்வொரு பல்க்ஹெட்டின் மையக்குறியிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சுண்ணாம்பு நூல் தட்டிய ஒரே கோட்டில் எல்லாம் விழுகின்றனவா என்று பாருங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு.

பக்கிங்_பார்

வணக்கம். கிளிகோவுக்குப் பிறகு வரும் கட்டத்துக்கு ஒன்றிரண்டு விஷயம், ஏனென்றால் ‘டொக்’ சத்தத்தைப் பாதிப் பேர் ரிவெட் அடிக்கும்போதுதான் உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு ரிவெட்டும் தன்னைச் சுற்றிய தகட்டைக் கொஞ்சம் விரிக்கிறது. ஒரு முனையிலிருந்து வரிசையாக அடித்துக்கொண்டே போனால் அந்த விரிவெல்லாம் முன்னால் தள்ளப்பட்டு, கடைசித் துளை பொருந்தாது, நடுவில் தகடு உப்பும். நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் போங்கள். ஒன்று விட்டு ஒன்று, பிறகு இடைவெளிகளை நிரப்புங்கள். பொருத்திப் பார்க்கும்போது எல்லாத் துளையிலும் கிளிகோ, அடிக்கும்போது ஒன்று விட்டு ஒரு துளையில் கிளிகோ.

வெளித்தகட்டு ரிவெட் 3/32 என்றால் நசுங்கிய தலை 3.6 மி.மீ. அகலம், 1.2 மி.மீ. உயரம். 1/8 என்றால் 4.8, 1.6. அகலம் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி என்று நினைவு வைத்தால் போதும். ஒரு இரும்புப் பட்டையில் 3.6-க்கு ஒரு ஓட்டையும், 1.2-க்கு ஓரத்தில் ஒரு வெட்டும் போட்டுக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். முதல் நூறு ரிவெட்டுக்கு ஒவ்வொன்றையும் அளங்கள். கை பழகிய பிறகு பத்துக்கு ஒன்று.

நீளம்: தகடுகளின் மொத்தத் தடிமனோடு விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள். 0.8-உம் 0.8-உம் சேர்ந்து 1.6, அதோடு 3.6, ஆக 5.2 மி.மீ. ரிவெட் நீளம் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்காகச் சொல்லப்படும். 3 என்றால் 4.8 மி.மீ., 3.5 என்றால் 5.6. இங்கே 3 குறைவு, 3.5 தான். வரைபடம் வேறு சொன்னால் வரைபடமே பெரிது. நீளம் அதிகமான ரிவெட் சாயும். சாய்ந்ததை மேலும் அடித்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள், இன்னும் படுத்துக்கொள்ளும்.

தப்பிய ரிவெட்டைக் கழற்றும் முறை: ரிவெட் தலையின் நடுவில் ஒரு சிறு குழி இருக்கும். ஏடி எனப்படும் ரிவெட் அலுமினியக் கலவை என்பதற்கு அடையாளமும் அதுதான், ட்ரில் நுனி வழுக்காமல் உட்காரவும் அதுதான் இடம். 40-ஆம் நம்பர் ட்ரில்லைத் தலையின் ஆழத்துக்கு மட்டும் விடுங்கள், தகட்டைத் தொடக் கூடாது. பின் பஞ்ச் (மெல்லிய இரும்புக் குத்தூசி) ஒன்றை உள்ளே விட்டு ஒரு பக்கம் சாய்த்தால் தலை உடைந்து வரும். பிறகு உள்ளே தண்டுக்கு அருகில் பக்கிங் பாரை (ரிவெட் அடிக்கும்போது பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டி) முட்டுக் கொடுத்து, மெதுவாகத் தட்டி வெளியே தள்ளுங்கள். முட்டு இல்லாமல் தட்டினால் மடிப்பு வளையும், நீங்கள் கஷ்டப்பட்டுப் போட்ட ஃப்ளூட் வேலை போச்சு. துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டால் என்ஏஎஸ் 1097 வரிசையில் 1/8 ரிவெட் இருக்கிறது. தண்டு பெரிது, தலை கிட்டத்தட்ட 3/32 தலை அளவு. அதற்காகவே கட்டுபவர்கள் அதை ‘ஊப்ஸ் ரிவெட்’ என்பார்கள். ஒன்றிரண்டு இடத்துக்கு அது மருந்து. வரிசை முழுக்கப் போட வேண்டிய நிலை வந்தால் கிட் தயாரிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள்.

டிம்பிள் போடும் முன் பிசிறு எடுப்பதில் கஞ்சத்தனமும் வேண்டாம், தாராளமும் வேண்டாம். கருவியை லேசாக இரண்டு சுற்று. விட்டுவிட்டால் டிம்பிள் ஓரத்தில் வெடிப்பு விடும். ஐந்தாறு சுற்று அழுத்திச் சுற்றினால் துளை விளிம்பு கத்தி முனையாகி, தகடு அங்கே மெலிந்துவிடும்.

கம்ப்ரஸர், ட்ரில், கிளாம்ப் எல்லாம் செம்புதாஸ் தெருவில் வாங்குங்கள், நல்லதாகவே கிடைக்கும். ரிவெட்டும் போல்ட்டும் மட்டும் அங்கே வேண்டாம். சான்றிதழோடு வரும் விமான ரிவெட்தான் வேண்டும். கடையில் கிடைக்கும் பாப் ரிவெட் தகரக் கதவுக்கானது.

அம்பத்தூர்_ரிவெட்

எல்லோருக்கும் நன்றி. ட்ரில் தொடவில்லை. அளந்தவை:

3-ஆம் பல்க்ஹெட்டைக் கிரானைட்டில் வைத்தால் நடுவில் 1.3 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) போகிறது, 4-இல் 1.1. மூன்று சுற்று ஃப்ளூட் போட்டதில் இரண்டிலும் 0.2-க்குக் கீழே வந்துவிட்டது. மறுபடி மாட்டினேன். எல்லா நடுத்துளையிலும் கிளிகோ விரலால் உட்காருகிறது, இடுக்கி தேவைப்படவில்லை.

வலது பக்கம் மேற்கு, ஷட்டர் பக்கம். காலை ஆறேகாலுக்குக் கடைசித் துளையில் 0.1. பிற்பகல் மூன்றுக்கு மறுபடி 0.7. டியூப் லெவலில் முன்னும் பின்னும் முறுக்கு 1 மி.மீ.க்கும் குறைவு. லாங்கரான் இன்னும் துளையிடவில்லை.

‘டொக்’ குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. வெள்ளைப் புள்ளிக்கு யாராவது சொல்லுங்கள்.

தகட்டுவேலை

அருமை. லாங்கரான் துளையிடும் வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே அமர்வில் இரண்டு பக்கமும். முதல் நாள் இரவே மறுபடி டியூப் லெவல் பார்த்து, கூம்பைத் தாங்கியில் பட்டை போட்டு அசையாமல் கட்டிவிடுங்கள். இடது ஒன்று, வலது ஒன்று என்று மாற்றி மாற்றித் துளையிட்டு, ஐந்து துளைக்கு ஒருமுறை மட்டத்தைப் பாருங்கள். கத்திரி வெயிலில் ரிவெட்டும் காலை ஒன்பதுக்குள் முடிக்கும் வேலைதான். தெருவும் அந்த நேரத்தில் ரிவெட் கன் சத்தத்தைத் தாங்குமா என்பதை அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமிருக்கும் ‘டொக்’குக்கு: அடித்தகட்டின் நீளவாக்கு ஜே வடிவக் கம்பிகளை எல்லாத் துளையிலும் கிளிகோ போட்டுப் பாருங்கள். இப்போது இடையிடையேதான் போட்டிருப்பீர்கள். அதற்குப் பிறகும் இருந்தால், 2-க்கும் 3-க்கும் நடுவே உள்பக்கம் ஒரு சிறு ஆங்கிள் துண்டைக் குறுக்கே வைப்பது வழக்கமான தீர்வு. கிட் தயாரிப்பாளர் ஒப்புதலோடு.

ஈசிஆர்_உப்புக்காற்று

வெள்ளைப் புள்ளி பற்றி. இதைத் தள்ளிப் போடாதீர்கள் தம்பி, கடலுக்குப் பக்கத்து ஊரில் இது தானாக நிற்காது.

உங்கள் தகட்டின் உள் உலோகம் 2024 கலவை. பலம் அதில் இருக்கிறது, செம்பு கலந்திருப்பதால் துருவுக்கு அது கோழை. அதைக் காப்பது இரு முகத்திலும் ஒட்டியிருக்கும் தூய அலுமினியப் பூச்சு, ஒரு பக்கத்துக்குத் தடிமனில் சுமார் 5 சதவீதம். 0.8 மி.மீ. தகட்டில் அது 0.04 மி.மீ., ஒரு தலைமுடியை விட மெல்லிசு. நீலப் படலம் கீறல் படாமல் இருக்கத்தான், சேமித்து வைக்க அல்ல. விளிம்பு வழியாக ஈரம் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை, அதனால்தான் புழுத் தடம். எல்லாத் தகட்டிலும் இன்றைக்கே படலத்தை உரித்துவிடுங்கள். தகடுகளை அடுக்கும்போது இடையில் உலர்ந்த தாள், படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள்.

சுத்தம் செய்ய மெரூன் நிற ஸ்காட்ச் பிரைட், தண்ணீர் தொட்டு, தகட்டின் நீளவாக்கில், கையால் மட்டும். இரும்புக் கம்பி பிரஷ், ஸ்டீல் வுல் இரண்டும் கிட்டவே வரக் கூடாது. இரும்புத் துகள் பதிந்தால் அந்த இடத்திலேயே புதிய அரிப்பு தொடங்கும். கறை போனதும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வழுக்கினால் பூச்சோடு நின்றுவிட்டது. நகம் தட்டினால் குழி விழுந்திருக்கிறது, அந்தப் பாகத்தைப் படமெடுத்து, குழியின் ஆழத்தை அளந்து கிட் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். அமெரிக்க விமானத்துறையின் ஏசி 43.13-1பி கையேட்டில் அரிப்பைப் பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது, அதைப் படித்துவிட்டுக் கேட்டால் சரியான கேள்வியாகக் கேட்பீர்கள்.

அடுத்து பாஸ்பாரிக் அமிலக் கழுவல், பிறகு தண்ணீர். போர் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு தகட்டிலேயே காயும். கேன் தண்ணீரும் இல்லாமல் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர்தான் கடைசிக் கழுவலுக்கு. கழுவிய தகட்டைச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். துளித்துளியாக உடைந்து நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, வாழை இலையில் தண்ணீர் நிற்கிற மாதிரி. சுத்தம் ஆன பிறகு வெறுங்கை படக் கூடாது. நைட்ரைல் கையுறை, நெற்றியில் துண்டு. ஒரு சொட்டு வியர்வையும் உப்புத்தான்.

எபாக்ஸி பிரைமரை அன்றைக்கே அடித்துவிடுங்கள். ஆனால் நேரம் பார்த்து. தகட்டின் சூடு பனிநிலையை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) விட 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை 26. தகடு 29-க்குக் கீழே இருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்து பிரைமர் பிறகு பொருக்காக உரியும். விடியற்காலைத் தகடு குளிர்ந்து கிடக்கும், ஆகவே ரிவெட்டுக்கு நல்ல நேரம் பிரைமருக்குக் கெட்ட நேரம். காலை பத்து, பதினொன்று சரி. மழை நாளில் வேண்டவே வேண்டாம். கலவை சூட்டில் சீக்கிரம் இறுகும், ஒரு முறைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். துணி மாஸ்க் எதற்கும் உதவாது, கரிமப் புகைக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள முகக் கவசம் போடுங்கள்.

கம்ப்ரஸர் டாங்கின் அடிக் குழாயைத் தினமும் திறந்து தண்ணீரை விடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஒரு நாளில் வரும் தண்ணீரைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். வாட்டர் செபரேட்டரைக் கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டினால் பயனில்லை. காற்று அங்கே சூடாக இருக்கும், தண்ணீர் ஆவியாகவே கடந்து போகும். பத்துப் பதினைந்து மீட்டர் குழாயில் ஆறவிட்டு, ஸ்ப்ரே கன்னுக்கு முன்னால் மாட்டுங்கள்.

அம்பத்தூர்_ரிவெட்

படலம் எல்லாம் உரித்தாகிவிட்டது. நகம் தட்டும் இடம் ஒன்றே ஒன்று, பேகேஜ் தரைத் தகட்டின் மூலையில். ஜே கம்பிகளில் முழுக் கிளிகோ போட்டதும் ‘டொக்’ இல்லை.

குரோம்பேட்டை_ஏரோ

அப்படியானால் கூம்பை மூடும் முன் ஒரு வேலை மட்டும் பாக்கி. ஒவ்வொரு பல்க்ஹெட்டையும் இரு முகத்திலும், ஒவ்வொரு ரிவெட் வரிசையையும் உள்ளிருந்தும் படமெடுத்து, தேதியும் ரிவெட் பாக்கெட்டின் லாட் எண்ணும் நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் விமானத்தைப் பார்க்க வரும் பரிசோதகரை மேல் தகடு கிளிகோவில் இருக்கும்போதே ஒருமுறை அழைத்துக் காட்டுங்கள். அடித்த பிறகு அந்த வரிசைகளுக்குள் கையும் கண்ணாடியும் நுழையாது.